மீன் தொட்டிக்குக் கரண்ட் வாங்கப் பாண்டிக்குப் போனேன்

இத்தா முடிந்து நான் முதலில் வெளியே போனது ஜெனரேட்டர் வாங்கத்தான். கணவர் மவுத்தானால், அதாவது இறந்துபோனால், எங்களில் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருப்போம். அது முடிந்த மறுவாரம், மழைக்காலம் பிடிப்பதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசிப்பவர்கள், டென்ட் போட்டுத் தங்கப் போகிறவர்கள் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் நான். தெரிந்தவரை சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடம் வெளிநாட்டில் ஒரு ஐஸ் கிடங்கில் வேலை பார்த்தார். படுக்கும் அறைக்குப் பின்னாலேயே மிஷின் ஓடிக்கொண்டிருக்குமாம். ஊரோடு வந்த பிறகு வீட்டு அமைதியில் அவருக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. ஒரு நாள் மீன் தொட்டி வாங்கி வந்து கட்டில் தலைமாட்டில் வைத்தார். மூன்று கோல்டு ஃபிஷ். தண்ணீருக்குக் காற்று விடும் குட்டி மோட்டார் 'கொர்ர்' என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

"இதுக்குக் கொசுவே தேவலைங்க, அடிச்சாவது போடலாம்" என்பேன்.

"இது ஓடினாத்தான்டி கண்ணு சொக்குது" என்பார்.

மூன்று வருடம் நன்றாகத் தூங்கினார். இப்போது அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குக் கண் மூடுவதில்லை.

இத்தாவில் இருக்கும்போது ஒரு பகலில் மூன்று மணி நேரம் கரண்ட் போனது. மோட்டார் நின்றதும் வீட்டில் இருந்த ஒரே ஆளும் எழுந்து போனது மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தொட்டித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று கலக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். கரண்ட் வரும்வரை மொண்டு ஊற்றினேன். மூன்று மணி நேரம் ஊற்றலாம். புயலடித்து ரெண்டு நாள் கரண்ட் இல்லாவிட்டால்? எங்களுடையது வாடகைக்கு இருக்கும் மாடிப் போர்ஷன். இன்வெர்ட்டருக்கு வயர் இழுக்க உரிமையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. சென்னையில் இருக்கும் என் மகள் பர்வீன்தான் பணம் போட்டுவிட்டு, "ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓடுற மாதிரி நல்லதா வாங்கும்மா" என்றாள்.

எங்கள் ஊர் தவளக்குப்பத்தில் காலை ஒன்பதரைக்குப் பஸ். டிக்கெட் பதினைந்து ரூபாய். பத்து கிலோமீட்டர்தான் இருக்கும். அரியாங்குப்பம் தாண்டி மரப்பாலத்தில் நெரிசல், பாண்டி பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர பத்தேகால் ஆனது. லீவு முடிந்து அவர் கிளம்பும்போதெல்லாம் இதே வழியில் வந்துதான் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்த லீவுக்கு எத்தனை மாதம் என்று விரல் மடக்குவேன். அன்றைக்கும் பழக்கத்தில் விரல் மடங்கியது. பிரித்துவிட்டுக் கையைப் பையின் மேல் வைத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு ஆட்டோக்காரர் நூறு கேட்டார், எண்பதுக்கு வந்தார். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். "எவ்ளோ லோடு வரும்மா?" என்று கேட்டார். எனக்கு வாட் கணக்கு தெரியாது. என் வீட்டுக்காரர் ஸ்பேராக வாங்கி வைத்திருந்த இன்னொரு மோட்டாரைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன்.

"இதுக்கா? இது அஞ்சு வாட்டும்மா! மூணு மீனுக்கு ஜெனரேட்டரு வாங்கறவங்கள இன்னிக்குத்தான் பாக்கறேன். செத்தா வேற வாங்கிக்கலாமே."

"வேற வாங்கறதா இருந்தா நான் ஏன் பஸ் ஏறி வரேன்?" என்றேன். அப்புறம்தான் மிஷினைக் காட்ட எழுந்தார்.

சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் இருபத்தெட்டாயிரம். ஃபேன், லைட், மிக்ஸி எல்லாம் ஓடும். வெளியே கொண்டுபோய்க் கயிற்றை இழுத்துக் காட்டினார். என் மோட்டாரையும் அதில் சொருகினார். மோட்டார் ஓடியது, கையில் துடிப்பு தெரிந்தது. ஆனால் ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் அதன் சத்தம் கேட்கவே இல்லை. காதோடு ஒட்டி வைத்தும் கேட்கவில்லை.

"சத்தம் இல்லாதது இருக்குங்களா?" என்றேன்.

பக்கத்தில் சாமான் பார்த்துக்கொண்டிருந்த புதுசா கல்யாணமான ஜோடியில் அந்தப் பெண் சொன்னாள்: "பேட்டரிப் பொட்டி பாருங்கக்கா. நாங்க ஜவ்வாது மலைல டென்ட் போடப் போறோம், அதான் வாங்கறோம். பெட்ரோல் மிஷின் எடுத்துட்டுப் போனா பக்கத்து டென்ட்டுக்காரன் உதைக்க வருவான்."

"இவ பேசற சத்தத்துக்கே வருவான்" என்றான் அவன். அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவர்களைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

பேட்டரிப் பெட்டி முப்பத்தெட்டாயிரம், ஃபோன் மாதிரி கரண்ட் இருக்கும்போதே சார்ஜ் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். டிஃபன் கேரியர் பை அளவுதான், ஆறு கிலோ. மோட்டாரைச் சொருகினார். 'கொர்ர்' என்று ஓடியது. கடைக்குள் நன்றாகக் கேட்டது. மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். சட்டென்று நின்றுபோனது. எனக்கு உயிரே போனது.

"பயப்படாதம்மா. ரொம்பச் சின்ன லோடுன்னா யாரும் யூஸ் பண்ணலன்னு நெனச்சு அதுவா ஆஃப் ஆயிடும்" என்று ஏதோ பட்டனை அழுத்திப் பிடித்தார். திரும்ப ஓடியது. இதற்கு மட்டும் என்றால் ரெண்டு நாள் கிட்ட வரும் என்றார்.

பர்வீனுக்கு ஃபோன் போட்டு ரெண்டு விலையும் சொன்னேன். "ஃப்ரிட்ஜ் ஓடுமா?" "ரொம்ப நேரம் ஓடாதாம்." "ஃபேனு?" "அஞ்சாறு மணி நேரம்." "பெட்ரோல் மிஷினே வெல கம்மியா இருக்கு, அத வுட்டுட்டு இது என்னத்துக்கும்மா?"

"உங்க அத்தா மோட்டார் சத்தம் இதுலதான்டி கேக்குது" என்றேன்.

"வாங்கிக்கோம்மா" என்றாள். குரல் சரியில்லை.

திரும்பும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டதால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்கவில்லை.

நீங்கள் வாங்கப் போனால் சில விஷயம். பெட்ரோல் ஜெனரேட்டரை எந்தக் காரணத்துக்கும் வீட்டுக்குள் ஓட்டாதீர்கள், அதன் புகை தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும். நனையவும் கூடாது, திறந்த இடமாகவும் இருக்க வேண்டும், என்னைப் போல மாடிப் போர்ஷனில் அதற்கு இடமில்லை. மழையில் ரோடு முழுகினால் பெட்ரோலுக்கு யார் போவது என்றும் யோசியுங்கள். மற்றபடி ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் நாள் கணக்கில் ஓட வேண்டிய பெரிய குடும்பத்துக்கு அதுதான் சரி. பேட்டரிப் பெட்டி என்றால் சின்ன சாமானுக்குத் தானாக அணைகிறதா என்று கடையிலேயே பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். சார்ஜ் தீர விடாதீர்கள். எது நின்றால் உங்களால் இருக்க முடியாதோ, அந்தச் சாமானைக் கையோடு எடுத்துப் போங்கள்.

முந்தாநாள் மதியம் மழையோடு கரண்ட் போனது. மோட்டாரைப் பெட்டியில் சொருகினேன். ஃபேன் நின்று, ஃப்ரிட்ஜ் நின்று, கீழ்வீட்டு டிவியும் நின்றதில் அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. மீன்கள் மேலே வரவில்லை. அவர் படுக்கும் பக்கம் தலையணையைச் சரிசெய்துவிட்டு இந்தப் பக்கம் படுத்தேன். கரண்ட் எப்போது வந்தது என்று பர்வீன் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தூங்கிவிட்டிருந்தேன்.