அவர் போட்டுவைத்த இலக்கங்கள்

என் கணவர் மவுத்தாகி நான் இத்தாவில் இருந்தபோதுதான் எங்கள் வீட்டுக் கணினியில் டீஎன்எஸ் இலக்கத்தை மாற்றினேன். இத்தா என்றால் புருசன் இறந்த பிறகு நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுப்போடு வீட்டுக்குள்ளேயே இருப்பது. அந்நிய ஆண்களின் முன்னால் போகக்கூடாது. நாட்களை எண்ணியது என் தாத்தா, அதாவது என் மூத்த சகோதரி. எனக்குத் துணையாகக் குண்டசாலையிலிருந்து பெட்டியோடு வந்து, கெலிஓயாவில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். நான் ஒன்றையும் எண்ணவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டேன், படு என்றால் படுத்தேன். இவள் ஏன் அழுகிறாளில்லை என்று வந்துபோன பெண்கள் குசினியில் குசுகுசுத்தது காதில் விழுந்தது. விழுந்ததே தவிர உறைக்கவில்லை.

ஒரே ஒரு விசயத்துக்கு மட்டும் நான் தலையாட்டியிருந்தேன். நான் டீச்சர். பாடசாலைக்கு லீவு போட்டாயிற்று. ஆனால் அதற்கு முன்பெல்லாம் பின்னேரங்களில் கணினி வழியாக ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை வகுப்பு எடுத்து வந்தேன். டீச்சர் திரும்பத் தொடங்குவாவா என்று ஒரு தாய் கேட்டனுப்ப, சனிக்கிழமை நாலு மணிக்கு என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனென்று தெரியாது. சொன்ன பிறகு அந்த நாலு மணி ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அதுவும் இல்லாமற் போனால், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவள் அப்படியே உட்கார்ந்துவிடுவேன் என்று பயந்தேன்.

சனிக்கிழமை காலையில், அவர் போன பிறகு முதல்முறையாகக் கணினியைப் போட்டேன். ஒரு பக்கமும் திறக்கவில்லை. ஃபோனில் எல்லாம் வருகிறது, கணினியில் மட்டும் இல்லை. பாடத்தாள்கள் முழுக்கக் கணினிக்குள் கிடந்தன.

டவுனில் கணினிக் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவரை வரச்சொன்னோம். தையற்காரன் ஊசியும் நூலும் கொண்டுவருவது போல, சாமான் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவரும் ஆள். கணினி இருப்பதோ எங்கள் படுக்கையறையில். நான் குசினிக்குள் போய் நிற்கிறேன், அவர் உள்ளே போய்ப் பார்க்கட்டும் என்றேன். தாத்தா விடவில்லை.

“புருசன்ட அறைக்குள்ள இத்தா முடியிற வரைக்கும் வேற ஆம்புள கால் வெக்கிறதா? எனக்கி உசிரு ஈக்கிற வரைக்கும் நடக்காது!”

அப்படி ஒரு சட்டம் எந்தக் கிதாபிலும் இல்லை. ஆனால் தாத்தாவோடு வாதாடத் தெம்பு வேண்டும். ஆகவே கணினிக்காரர் முன்விறாந்தைக் கதிரையில், நான் உள்ளே கணினியின் முன்னால், நடுவில் ஹோல் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு தாத்தா. அவர் சொல்வதைத் தாத்தா எனக்குச் சொல்ல வேண்டும், நான் சொல்வதைத் தாத்தா அவருக்குச் சொல்ல வேண்டும்.

“மூலைல ஈக்கிற வைஃபை படத்த அமத்தட்டாம்.”

“எந்தப் பக்கத்து பட்டனால?”

“அது அவரு செல்லல்லயே. தம்பி, எந்தப் பக்கம்?”

இந்த அழகில் அரை மணித்தியாலம் போனது. கடைசியில் பொறுக்காமல் நானே திரைக்கு இந்தப் பக்கமிருந்து சத்தமாகப் பேசினேன். தாத்தா முறைத்தார். முறைக்கட்டும்.

“டீச்சர், டீஎன்எஸ்னு ரெண்டு பெட்டி தெரியுதா? உள்ள நம்பர் ஏதும் இருக்குங்களா?”

இருந்தது. வாசித்துக் காட்டினேன்.

“அது தானா வர்ற நம்பர் இல்லைங்க. யாரோ கையால போட்டிருக்காங்க. சார் போட்டாங்களா?”

வேறு யார் போடுவது? இந்த வீட்டில் கணினியைப் பிரித்து மேய்கிற வேலை அவருடையது.

“நீங்க ஒரு சைட்டு பேர அடிச்சா, அதோட விலாசத்த அந்த நம்பர்கிட்டதான் கேக்கும் டீச்சர். அது பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்குப் போடுற வடிகட்டி. அசிங்கமானத விடாது. வேற ஏதும் மறைக்கணும்னா நம்மளே பேர எழுதிச் சேத்துக்கலாம். இப்ப அந்த சேவைய மூடிட்டாங்க போல. நீங்க கேட்டுக்கிட்டே இருக்கீங்க, அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆளில்ல. அழிச்சிட்டு நாலு பெட்டிலயும் எட்டு போடுங்க. எட்டு, எட்டு, எட்டு, எட்டு.”

ஒவ்வொன்றாக அழித்தேன். என் கணவர் விரலால் தட்டிய இலக்கங்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எட்டுகளைப் போட்டுச் சேமித்தேன்.

“ஏதாச்சும் ஒரு சைட்ட திறந்து பாருங்க.”

எது என்று யோசிக்கவில்லை. பழக்கத்தில் என் கை துருக்கி நாடகம் வரும் பக்கத்தின் பெயரை அடித்தது. முன்பெல்லாம் இருட்டும் வரை அதன் முன்னால்தான் கிடப்பேன்; மூன்று வருசமாக இந்தக் கணினியில் அது திறந்ததே இல்லை. மற்றதெல்லாம் வரும், அது வராது. ஃபோனின் சின்னத் திரையில் நாடகம் பார்க்க என் கண்ணுக்கு ஏலாது. “லைன் பிழ” என்பார் அவர். நான் இன்டர்நெட் கொம்பனிக்கு டெலிபோன் எடுத்து, வாய்க்கு வந்தபடி ஏசுவேன். “நல்லா ஏசு, அப்பதான் சரிவரும்” என்று பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பார். ஏசி முடிந்து, வேறு வேலையில்லாமல் இரண்டு கோப்பை பாலில்லாத பிளேன்டியோடு விறாந்தைக்குப் போவேன். இருட்டும் வரை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொம்பனிக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுப்பேன். அவர் ஊம் கொட்டிக்கொண்டிருப்பார்.

நாடகப் பக்கம் திறந்தது. பளிச்சென்று, ஒரு நொடியில்.

லைனில் ஒரு பிழையுமில்லை. அந்த வடிகட்டியில் நாடகப் பக்கத்தின் பேரை எழுதிச் சேர்த்திருக்கிறார் மனுசன்! மூன்று வருசம், ஒரு பாவமும் அறியாத கொம்பனிப் பிள்ளைகளை டெலிபோனில் கிழிக்க விட்டுவிட்டு, பச்சைப் பிள்ளை மாதிரி பக்கத்தில் நின்றிருக்கிறார். காது சுட்டது. அந்த வெள்ளை உடுப்பைப் போட்ட நாளிலிருந்து எனக்கு முதன்முதலாக வந்தது அழுகையில்லை, கோபம். மவுத்தானவர்களைக் குறை பேசக்கூடாது. தெரியும். எழும்பி நின்று, விறாந்தைப் பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினேன்.

“இஞ்ச வாங்க! நீங்க செஞ்சி வெச்சீக்கிற வேலய வந்து பாருங்க!”

“இதோ வர்றேன்” என்று விறாந்தைக் கதிரையிலிருந்து ஓர் ஆண் குரல் பதில் சொன்னது. கதிரை பின்னால் அரைபட்டது. செருப்புச் சத்தம் கேட்டது.

மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒங்கள இல்ல தம்பி, இரிங்க, இரிங்க” என்று தாத்தா அவசரமாக மறித்தார். பிறகு திரையை விலக்கி உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தார். “யார புள்ள கூப்பிட்ட?”

“அவரத்தான்” என்றேன்.

தாத்தா என் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்து, கணினிக்காரரை அனுப்பப் போனார். அப்போதுதான் அழுகை வந்தது. மதிய ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை நிற்கவில்லை. தாத்தா கதவைச் சாத்திவிட்டு வெளியே யாரையும் விடாமல் நின்றார்.

நாலு மணிக்கு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கணினியின் முன்னால் உட்கார்ந்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஸலாம் சொன்னார்கள். பதில் சொன்னேன்.

“டீச்சர், ஒங்கட கொரல் என்னமோ மாதிரி ஈக்கிது” என்றான் ஒருவன்.

“லைன் பிழ மகன்” என்றேன்.