கருப்பாயி மாற்றிப் போட்ட அடுப்பு

மலாயாவில், கூலாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அந்தக் காலத்து லயம் என்றால் வரிசையாக ஒட்டிய கூலிக்காரர் வீடுகள்; பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, அவ்வளவுதான். ஒரு வீட்டில் பொறி பறந்தால் வரிசை முழுக்கச் சாம்பலாகிவிடும். அதனால் புதுக்குடித்தனம் வருகிறவர்கள் பாயைக்கூட விரிக்காமல் முதலில் கருப்பாயியைத் தேடிப் போவார்கள்.

அவள் அடுப்புப் போடுகிற வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது. புற்றுமண்ணில் லாலான் புல்லை நறுக்கிப் போட்டு மிதிப்பாள். பலகைச் சுவருக்குக் கனமாக மண் பூசி, அது காய்ந்த பிறகுதான் அடுப்பில் கை வைப்பாள். கூரைக்குக் கீழே மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி விரித்துக் கட்டச் சொல்வாள். அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு காய வைத்தால் போச்சு.

"ஏண்டி, கொள்ளியை எடுத்து நீயே கூரையில சொருகிடேன்!" என்று லயமே கேட்கக் கத்துவாள்.

இவ்வளவு விவரமானவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அடுப்பு தென்கிழக்கில், அக்கினி மூலையில்தான் இருக்க வேண்டும். சமைக்கிறவள் கிழக்கைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். மற்ற வரிசைகளில் அதனால் தொல்லை இல்லை. அவள் குடியிருந்த வரிசையில் மட்டும் கொல்லைக் கதவு கிழக்கே, அடுப்பை ஒட்டினாற்போல இருந்தது.

மழைக்காலம் பிறந்ததும் மருமகள் வெள்ளையம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அத்தை, கதவு தெறந்தா தீ என் மேல பாயுது. எதிர்ச் சுவத்துப் பக்கம் மாத்திப் போடுங்களேன்."

"மேக்க பாத்து சமைக்கவா? குடும்பம் வெளங்கினாப்பலதான்! கெழக்க பாத்து ஒக்காந்தவள அக்கினி ஒண்ணும் செய்யாது, போடி."

வெள்ளையம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு காலையில் வாடைக்காற்று கதவை அறைந்து திறந்தது. முந்தானையில் தீப் பற்றியது. கருப்பாயி சாக்கைப் போட்டு அணைத்தாள், கை வெந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பெண் திரும்பி வரவில்லை. லயத்தில் ஒரு பலகைகூடக் கருகவில்லை.

மகன் அய்யாவு பால்வெட்டுக்குப் போன இடத்திலிருந்து ஓடி வந்தான். எல்லாம் முடிந்த பிறகு, அழுதுகொண்டிருந்த தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "விதி, ஆத்தா. நீ என்ன செய்வே?" என்றான்.

அவளுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். வெள்ளையம்மா கேட்டதும் தான் மறுத்ததும் அவனுக்குத் தெரியாது. சொல்லலாம் என்று வாயெடுப்பாள். இருப்பது ஒரே பிள்ளை, அவனும் விட்டுப் போய்விட்டால்? விழுங்கிக்கொள்வாள். அந்த அடுப்பை அவள் மறுபடி மூட்டவேயில்லை. சமையலை வாசல் தாழ்வாரத்தில், மூன்று கல்லில் முடித்துக்கொண்டாள்.

பிறகு மூவாரிலிருந்து சந்திரமதி அய்யாவுக்கு இரண்டாம் தாரமாக வந்தாள். அவள் வந்த மறுநாளே கருப்பாயி கடப்பாரையை எடுத்து அடுப்பை இடித்துத் தள்ளினாள். எதிர்ச் சுவருக்கு மண் பூசினாள். காய்ந்ததும் அங்கே புது அடுப்பைப் போட்டாள், மேற்கு பார்த்து.

அய்யாவு பதறினான். "ஆத்தா, சனங்க என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்டா."

சந்திரமதி அடுப்பை மூட்டினாள். கருப்பாயி போய்க் கொல்லைக் கதவை நன்றாகத் திறந்துவிட்டாள். காற்று பெண்ணின் முதுகில் மோதியது. தீ அவளை விட்டு விலகி, மண் பூசிய சுவர்ப் பக்கம் சாய்ந்து எரிந்தது.

"இங்க சொகமா இருக்கு அத்தை, தீ என் பக்கமே வரல" என்றாள் சந்திரமதி.

கருப்பாயி கதவோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு. இவ்வளவுதான் வேலை.

"அவ கேட்டாடா அய்யாவு" என்றாள். "மாத்திப் போடுங்க, தீ மேல பாயுதுன்னு என் மூஞ்சியப் பாத்துக் கேட்டா. நான்தான் முடியாதுன்னுட்டேன்."

அய்யாவு பழைய அடுப்பு இருந்த மூலையைப் பார்த்தான். பிறகு வெளியே போனான்.

அவன் தாயை விட்டுப் போகவில்லை. கடைசிவரை சோறு போட்டான், காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடினான். புதுக்குடித்தனக்காரர்கள் வந்து அடுப்பைப் பற்றிக் கேட்டால், "உள்ள இருக்காங்க, அவங்களக் கேளுங்க" என்பான். ஆத்தா என்று மட்டும் அவன் அவளை அதற்குப் பிறகு கூப்பிடவேயில்லை.