கருப்பு நிறம் என்பதால்

ஸ்கூட்டர் வாங்கப் போன அன்று கடைக்காரர் மஞ்சளைக் காட்டினார், சிவப்பைக் காட்டினார். நான்தான் பிடிவாதமாகக் கருப்பைக் கேட்டு வாங்கினேன். 'கருப்பே அழகு, காந்தலே ருசி' என்று சும்மாவா சொல்லிவைத்தார்கள்? சேத்தூரிலிருந்து ராஜபாளையத்துத் தையல் கடைக்கு மூன்று வருஷம் அதில்தான் போய்வந்தேன். அந்த லோடு வேன் வந்து இடிக்கும்வரை அதன் நிறத்தைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை.

பட்டப்பகல், சாப்பாட்டு நேரம். மெயின் ரோட்டில் என் ஓரத்தில் நான் போய்க்கொண்டிருக்கிறேன். பக்கத்துத் தெருவிலிருந்து நிற்காமல், ஹாரனும் அடிக்காமல், தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கியபடி வந்தவன் என் பின்சக்கரத்தில் இடித்தான். விழுந்ததில் இடது மணிக்கட்டு ஒடிந்தது. ஓரத்தில் கடை போட்டிருந்த இளநீர்க்காரர்தான் தூக்கி உட்காரவைத்தார். வேன்காரத் தம்பி இறங்கிவந்து சொன்ன முதல் வார்த்தை இது:

"என்னக்கா, கருப்பு ரோட்டுல கருப்பு வண்டி. எப்படித் தெரியும்?"

அந்த வலியிலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எருமை மாடு வந்தா என்னப்பா செய்வே?"

"எருமைன்னா பிரேக் போட்ருப்பேன்க்கா. அதுக்குச் சொந்தக்காரன் சண்டைக்கு வந்துருவாம்ல."

இளநீர்க்காரர் சிரித்துவிட்டார்.

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதைதான். ஆனால் அவன் சொன்னதை ஊரே பிடித்துக்கொண்டது. கட்டுப்போட்ட கையோடு படுத்திருக்கிறேன்; பார்க்க வந்தவர்கள் ஆப்பிள் பையைக் கீழே வைத்ததும் "வண்டி என்ன கலரு?" என்றுதான் ஆரம்பித்தார்கள். வேன் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. "கருப்பு சனிக்குள்ளதுல்ல மதினி, மஞ்சப் பெயிண்ட் அடிச்சுருங்க" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

நாலாம் நாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் துணைக்கு வந்தார். இரண்டு தரப்பும் சமாதானமாகப் போகிறோம் என்று ஒரு கடிதம் எழுதித் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டால், ஸ்டேஷனில் பிடித்து வைத்திருந்த என் வண்டியை அன்றைக்கே எடுத்துப் போகலாம். எட்டாவதோடு நின்றவள்தான் நான். ஆனால் வடை மடித்த காகிதத்தைக்கூட வாசிக்காமல் எறிந்ததில்லை. வாசித்தேன். நடுவில் ஒரு வரி: 'எனது வாகனம் கருப்பு நிறம் என்பதால் வேன் ஓட்டுநரால் கவனிக்க இயலவில்லை.'

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏட்டி, ஒரு வரிதானே? போட்டுட்டு வா" என்றார் அண்ணன்.

"ஒரு வரிதான்னா அவன எழுதச் சொல்லுண்ணே, பாக்காம வந்துட்டேன்னு."

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு பஸ் ஏறினேன். தெரிந்தவர்கள் சொல்லி அனுப்பிய வக்கீலம்மா முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். "கலரப் பாத்து யாரையும் குத்தவாளின்னு சொல்ல மாட்டாங்கம்மா. நிக்காம மெயின் ரோட்டுல ஏறுனது யாருன்னுதான் பாப்பாங்க. ஆனா நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா, பொறவு அந்தத் தாளத்தான் உங்க முன்னாடி நீட்டுவாங்க."

நேரே ஸ்டேஷனுக்கு வந்தேன். "அந்த வரிய மட்டும் அடிச்சிருங்க சார். மத்ததுக்கு இப்பமே கையெழுத்துப் போடுதேன்."

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு, பெஞ்சில் காத்திருந்த வேன்காரத் தம்பியைப் பார்த்தார். அவன் தலையைச் சொறிந்தான். "அந்த வரி இல்லேன்னா தப்பு என் பேர்லன்னு ஆயிரும்ல சார்?"

"அதத்தானப்பா இம்புட்டு நாளாக் கத்திக்கிட்டிருக்கேன்!" வாசலில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

ஏட்டு பெருமூச்சு விட்டார். "அப்பக் கேசுதாம்மா. வண்டிய ஆர்.டி.ஓ. ஆபீசர் வந்து பாத்த பொறவுதான் விடுவோம்."

"போடுங்க" என்றேன்.

ஆபீசர் இன்னும் வந்தபாடில்லை. போன வெள்ளிக்கிழமையும் போய்ப் பார்த்தேன். வேப்பமரத்தடியில், சருகும் காக்கை எச்சமும் புழுதியுமாக நிற்கிறது என் வண்டி. சீட்டை முந்தானையால் துடைத்தேன்; கையகலத்துக்குக் கருப்பு தெரிந்தது.

வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்த அண்ணன், "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஒரு வரிதானேட்டி" என்றார்.

அவர் பைக்கில் ஏறவில்லை. ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து சேத்தூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.