இரண்டு நிறத் தண்ணீர்

என் மனைவி எழுதிய கவிதை ஒன்று, எழுபதுகளில், மெட்ராஸ் வாரப்பத்திரிகையில் வந்து தொலைத்தது. மொத்தம் பதினாறு வரி. அதற்கே எங்கள் வலியசாலைத் தெரு தலைகால் புரியாமல் ஆடியது. பக்கத்து வீட்டு மாமி முழுவதையும் மனப்பாடமாக ஒப்பித்தாள். அடுப்பில் பால் வைத்ததை ஒருநாளும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத மாமி!

திருவல்லத்துக்குப் பக்கத்தில் கிள்ளியாறு கரமனை ஆற்றோடு சேரும் இடத்தைப் பற்றிய கவிதை அது. கறுப்பாக ஒரு ஆறு, பளிங்காக ஒரு ஆறு, கலக்காமல் கொஞ்ச தூரம் கூடவே ஓடுமாம். நடுவில் மணல்திட்டாம், அதில் கொக்குகளாம். எல்லாம் புருஷன் பெண்டாட்டி மாதிரியாம். தூ!

என் இளக்காரத்துக்குக் காரணம் உண்டு. அவள் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. அப்பா காலமான பிறகு, ஆடி அமாவாசைதோறும் திருவல்லத்தில் தர்ப்பணம் பண்ணப் போவதாகச் சொல்லிவிட்டு நான் தனியாகக் கிளம்புவேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெண்களை அழைத்துப் போகிற வழக்கம் இல்லை. திரும்பியதும், "அந்த எடம் எப்படி இருக்கும், சொல்லுங்கோளேன்" என்று நச்சரிப்பாள். நான் வாய்க்கு வந்ததை அடித்துவிடுவேன். கறுப்பு, பளிங்கு, கொக்கு எல்லாம் என் சரக்கு. நான் ஒரு வருஷமும் திருவல்லம் போனதில்லை. அந்தக் கும்பலிலும் சேற்றிலும் எவன் நிற்பான்? சாலைக் கடைத்தெருவில், சிநேகிதனின் அரிசி மண்டி மாடியில் சீட்டாடிவிட்டு, குழாயடியில் வேட்டியை நனைத்துக்கொண்டு வீடு திரும்புவேன்.

மாமி சும்மா இருந்தாளா? "கவிதை பொறந்த எடத்தைப் பார்த்தே ஆகணும்" என்று ஞாயிற்றுக்கிழமை டாக்சியே பேசிவிட்டாள். "ஆறுன்னா தண்ணி. இதுல பார்க்க என்ன இருக்கு?" என்று எரிந்து விழுந்து பார்த்தேன். நடக்கவில்லை. என் மனைவியோ கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகத் தயாராகிவிட்டாள்.

கடவில், அதாவது படகுத்துறையில், வள்ளம் பிடித்தோம். ஊறப்போட்ட தேங்காய் மட்டை அழுகும் நாற்றம் குடலைப் புரட்டியது. வள்ளக்காரர் ஓரிடத்தில் கழியை ஊன்றி நிறுத்தி, "இதுதன்னெ ஸ்தலம்" என்றார். ஒரு ஆற்றுக்குள் இன்னொரு ஆறு சத்தமில்லாமல் நுழைந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே டீத்தண்ணி நிறம்.

"மணல்திட்டு எங்கடீ?" என்றாள் மாமி.

"மணல்திட்டோ? இவிட அங்ஙனெ ஒண்ணு இல்லல்லோ, அம்மா. என்றெ அச்சன்றெ காலத்திலும் இல்ல" என்று தன் அப்பா காலத்தையும் சாட்சிக்கு இழுத்து வள்ளக்காரர் சிரித்தார்.

மாமிக்கு முகம் விழுந்துவிட்டது. "ஏண்டீ, பார்க்காமலேயா எழுதினே?"

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பழி அவள் தலையில் விழுந்துவிட்டதே! அதோடு நிறுத்தினேனா? "கவின்னாலே புளுகுதான், மாமி. இவ மட்டும் என்ன ஒசத்தி?" என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். 'இவர் சொன்னதைத்தான் எழுதினேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஆமா மாமி, பார்க்காமத்தான் எழுதினேன்" என்றாள். அப்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

வள்ளம் திரும்பியது. மாமி வள்ளக்காரரிடம் ஏதோ கேட்க அந்தப் பக்கம் திரும்பியபோது, என் மனைவி எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"அப்போ உங்கப்பாவுக்கு எள்ளுந்தண்ணியும் எங்க விட்டேள்?"

நான் குனிந்து வேட்டி நுனியை மடித்துக் கட்டினேன்.

"ஒம்பது ஆடி அமாவாசை" என்றாள். "நீங்க வந்து நிக்கற வரைக்கும் நான் பச்சத்தண்ணி பல்லுல படாம உக்காந்திருந்தேன்."