பதினான்காம் அறைக்குப் போன் எடுக்காத கிழமை

ஒரு பொன்னாடையைப் போர்த்தி, இருந்த ஒரேயொரு கறுப்பின ரீச்சரையும் பள்ளிக்கூடத்தை விட்டுக் கலைக்கப் பார்த்தவள் நான். இதை வெட்கப்பட்டுத்தான் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லத் தொடங்கினாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. வீட்டில் இனி யாரும் இந்தக் கதையைக் கேட்க ஆயத்தமில்லை. ஆகவே எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் வோபர்ன் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் அலுவலகச் செயலாளர். வயிற்றுக்குத்து, தொலைந்த கையுறை, மூக்கில் இரத்தம், கோபத்தோடு வரும் தகப்பன்மார், எல்லாம் முதலில் என் மேசைக்குத்தான் வரும். தமிழ்ப் பிள்ளைகள் என்னை அன்ரி என்று கூப்பிட, மற்றப் பிள்ளைகளும் அதுதான் என் பெயரென்று பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஆசிரியர்கள் பிடித்துக்கொண்டார்கள். இப்போது பள்ளி அதிபரும் அன்ரி என்கிறார். அவருக்கு என்னைவிட நாலு வயது கூட.

ஐந்தாம் வகுப்பு ரீச்சர் மேல்மாடியில் பதினான்காம் அறையில் இருந்தார். தாய் தகப்பன் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள். இவர் ஸ்காபரோவிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் பிள்ளைகளில் கறுப்பினப் பிள்ளைகள் நிறைய. ஆனால் கறுப்பின ஆசிரியர் என்றால் இவர் ஒருவர்தான். இவருக்கு முன்னம் இரண்டு பேர் வந்து, வருடம் முடிய முதலே போய்விட்டார்கள். இவர் நாலு வருடம் நின்றுவிட்டார். எனக்கு அவர்மேல் கொள்ளை ஆசை. அவர் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். ஆனால் எனக்குள் அது எங்கட யாழ்ப்பாணத் தமிழாகத்தான் போய் விழும், விழுந்தபடியே எழுதிவிடுகிறேன்.

போன மே மாதம் கல்விச் சபையிலிருந்து ஒரு நீளமான சுற்றறிக்கை வந்தது. கறுப்பின ஆசிரியர்களைத் தேடிச் சேர்ப்பது எப்படி, ஆதரிப்பது எப்படி, போகவிடாமல் வைத்திருப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அதிபர் அச்சடித்துத் தரச் சொன்னார். அச்சடிப்பதை வாசிக்காமல் கொடுக்கும் பழக்கம் எனக்கில்லை. அதில் ஓரிடத்தில், அவர்களுடைய உழைப்பை எல்லோர் முன்னிலையிலும் மதித்துப் பாராட்ட வேண்டும் என்று இருந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஏனென்றால் உலகத்தில் தமிழருக்கு வடிவாகத் தெரிந்த ஒரு வேலை உண்டென்றால் அது இதுதான்.

நேரே எங்கள் பள்ளியின் துப்புரவுப் பொறுப்பாளரிடம் போனேன். மட்டக்களப்பார். நான் அண்ணை என்று கூப்பிடுவேன். ஊர்ச் சங்கமொன்றில் உபதலைவர். அவருடைய கார் டிக்கியில் குளிர்காலத்தில் பனிக்குத் தூவும் உப்பு மூட்டை இருக்கிறதோ இல்லையோ, இரண்டு பொன்னாடை எப்போதும் இருக்கும்.

"பச்சைக் கரையா, சிவப்புக் கரையா?" என்று மட்டும் கேட்டார்.

"சிவப்பு. பட்டமும் குடுக்கவேணும் அண்ணை."

"என்ன பட்டம் புள்ள?"

"அறிவொளி."

"போன மாசம் எங்கட சங்கத்தில அதைப் பல் டாக்குத்தர் ஒராளுக்குக் குடுத்துப்போட்டம். பறவாயில்ல, அந்த டாக்குத்தருக்கு என்ன தெரியவா போகுது?"

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆசிரியர் ஓய்வறையில் விழா. தங்க நிறச் சட்டத்துக்குள் வாழ்த்து மடல், தமிழிலும் ஆங்கிலத்திலும். நானே எழுதினேன். கைவந்தபடி எழுதியதில் 'கல்விக்கடல்' மூன்று இடத்தில் வந்துவிட்டது. மட்டன் ரோல்ஸ் நூறு. கேக்கும் வாங்கினோம், அதில் அவர் படமும் போட்டாயிற்று. ரீச்சர் மைக்ரோவேவில் சூப் சூடாக்க வந்தவர், கதவடியில் அப்படியே நின்றுவிட்டார். அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாரும் எழும்புங்கோ" என்றார். எழும்பினோம். அதிபர் பொன்னாடையைப் போர்த்தினார். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் மனிதர் குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுவதுபோல் சுற்றிவிட்டார். நான் மடலை வாசித்தேன். இந்த நாலு வருடமாக நீங்கள் எங்களுக்குச் செய்த சேவையை ஒருபோதும் மறக்கமாட்டோம் என்று முடித்தேன். கைதட்டல் காதை அடைத்தது. எனக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை.

ரீச்சர் அழுதார். நல்ல கண்ணீர் என்றுதான் நினைத்தேன். பிறகு அதிபரைப் பார்த்து, "உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார். "நான் போறன் எண்டு இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே."

அதிபரின் வாயில் அரை ரோல் இருந்தது. அதை விழுங்கவும் முடியாமல் வெளியே எடுக்கவும் முடியாமல், "போறியளோ?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டம் போட்ட மடல், கேக், மறக்கமாட்டோம். அவர் வளர்ந்த இடத்தில் இதெல்லாம் போகிறவருக்குச் செய்வது. எங்கள் ஆட்கள் வாறவருக்கும் செய்வார்கள், இருக்கிறவருக்கும் செய்வார்கள், ஒன்றும் செய்யாதவருக்கும் செய்வார்கள். அது அவருக்கு எப்படித் தெரியும்? நான் இழுத்துப் பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டிருந்தேன்.

மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு அவர் அலுவலகத்துக்கு வந்தார். பொன்னாடை இன்னும் தோளில் கிடந்தது. ஒரு காப்புறுதிக் கம்பனியில் ஊழியருக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை கிடைத்திருக்கிறதாம். அடுத்த வெள்ளிக்குள் ஓமோ இல்லையோ சொல்ல வேண்டுமாம்.

"அப்ப உங்களுக்குப் படிப்பிக்கப் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"படிப்பிக்கப் பிடிக்கும். என்னைப் படிப்பிக்க விட்டால்தானே." பிறகு மெதுவாகச் சொன்னார், "குறை நினையாதையுங்கோ அன்ரி. உங்கட போனும் ஒரு காரணம்."

என் போன். உண்மைதான், ஒரு கறுப்பினப் பிள்ளை எந்த வகுப்பில் கதிரையைத் தள்ளினாலும், சத்தம் போட்டாலும், கீழே என்னிடம் அனுப்புவார்கள். நான் உடனே பதினான்காம் அறைக்கு அடிப்பேன். "ரீச்சர், ஒராளை மேல அனுப்புறன், கொஞ்சம் கதைச்சு விடுங்கோ." அவரும் கதைப்பார், பிள்ளையும் அடங்கிவிடும், எல்லோருக்கும் நிம்மதி. ஒரு நாளைக்கு மூன்று தரம், நாலு தரம். அதற்கிடையில் அவருடைய இருபத்தாறு பிள்ளைகள் பாதிக் கணக்கோடு காத்துக்கொண்டிருப்பார்கள். அதோடு கூட்டங்கள், குழுக்கள், பெப்ரவரி மாதக் கறுப்பின வரலாற்று விழா முழுக்க அவர் தலையில். மற்ற ஆசிரியர் எல்லோருக்கும் ஒரு வேலை. அவருக்கு இரண்டு.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்லவில்லை. தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறேன், என்னையே குற்றம் சொல்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். மார்க்கம் ரோட்டடியில் அந்தக் கோபம் திரும்பி என்மேலேயே பாய்ந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு மருத்துவமனை அலுவலகத்தில் கோப்பு அடுக்கினேன். தமிழர் யார் வந்தாலும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் வேலை குவிந்து கிடக்கும், அதற்கு ஏச்சும் எனக்குத்தான் விழும். ஒரு முறை பஞ்சாபிக் கிழவர் ஒருவருக்கு மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கைகூப்பிவிட்டு இருந்தோம். ஒரு வருடத்தில் அந்த வேலையை விட்டேன். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்குச் சம்பளம் காணாது என்று சொன்னேன்.

திங்கள் காலை அதிபரிடம் போனேன். "இந்தக் கிழமை பதினாலுக்கு நான் போன் எடுக்கமாட்டன். ஒரு பிள்ளையும் அங்க போகாது. ஒரு குழுவுக்கும் அவவின்ர பேரைப் போடாதையுங்கோ."

"ஆனா பிள்ளையள் அவ சொன்னாத்தானே கேக்கினம், அன்ரி?"

"கேக்கினம்தான். கேட்டுக் கேட்டு அவ போகப்போறா. நீங்கள் வெள்ளிக்கிழமை அந்த ரோலை விழுங்க ஏலாமல் நிண்டது மறந்துபோச்சோ?"

அதிபர் மறக்கவில்லை. அன்றே ஆசிரியர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். ஓய்வறையில் முணுமுணுப்பு எழுந்தது. எழும்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று பதினொரு மணிக்கே முதல் ஆள் வந்துவிட்டாள். நாலாம் வகுப்புக்காரி, வகுப்பில் சிரிப்பை நிறுத்தமாட்டேன் என்கிறாளாம். என் கை தானாகப் போனுக்குப் போனது. மற்றக் கையால் ஓர் அடி போட்டேன். அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் சிரிப்பு. நான் நாலாம் வகுப்பு ரீச்சருக்குப் போன் அடித்தேன்.

"உங்கட பிள்ளை இஞ்ச இருக்கிறா. நீங்களே வந்து கதையுங்கோ."

"என்ர வகுப்பை ஆர் பாக்கிறது?"

"அதிபர் மேல வந்துகொண்டிருக்கிறார்."

அதிபர் வந்துகொண்டிருக்கவில்லை. ஓடிப்போய்ச் சொன்ன பிறகுதான் வெளிக்கிட்டார். அந்த ரீச்சர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வந்து, என் மேசைக்கு முன்னால் கிடந்த நீள வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். என்ன பகிடி என்று கேட்டார். அவள் சொன்னாள். ரீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார், நானும் சிரித்தேன். எட்டு மாதமாக அந்தப் பிள்ளையிடம் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே படியேறிப் போனார்கள்.

செவ்வாய் வாங்கு நிறைந்துவிட்டது. அண்ணை ஜிம்மிலிருந்து இன்னொரு வாங்கு இழுத்து வந்து போட்டுவிட்டு, "கலியாண வீடு மாதிரி இருக்கு" என்றார். எனக்கு ஒரு கடிதமும் அடிக்க நேரமில்லை. அதிபர் வகுப்பு வகுப்பாக ஓடி, இரண்டாம் வகுப்பில் பாட்டுப்பாடி, ஆறாம் வகுப்பில் பின்னக் கணக்கில் மாட்டி, வேர்த்து விறுவிறுத்து வந்தார். "இவ்வளவும் அவவிட்டையோ போய்க்கொண்டிருந்தது?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன். அவர் போய்த் தண்ணீர் குடித்தார்.

புதன்கிழமை பதினான்காம் அறையிலிருந்து எனக்குப் போன் வந்தது.

"அன்ரி, என்ர போன் பழுதோ?"

"இல்லையே. கேக்குதுதானே?"

"அப்ப ஏன் ஒருத்தரும் எனக்கு எடுக்கேல்லை?"

"உங்களுக்கு வேலை இருக்கெல்லோ. நீங்கள் படிப்பியுங்கோ," என்று வைத்துவிட்டேன். வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல ஓர் ஆட்டம் ஆடினேன். ஆனால் கதவைத் திறந்து வெளியே வரும்போதே யோசனை பிடித்துக்கொண்டது. ஒரு கிழமை அமைதிக்காக யார் நல்ல வேலையை விடுவார்கள்?

ஆசிரியர்கள் வகுப்பிலேயே கதைத்து முடிக்கப் பழகிவிட்டார்கள்போல, வியாழன் வந்தது ஒரேயொரு பிள்ளை. வெள்ளி ஒருவரும் வரவில்லை. நான் அந்த வெறும் வாங்கை இரண்டு தரம் துடைத்தேன். இரண்டு மணி, மூன்று மணி. மணி அடித்து, பிள்ளைகள் எல்லோரும் போய், கடைசியில் அவர் இறங்கி வந்தார். கையில் ஒரு தாள். இராஜினாமாக் கடிதம் என்று நினைத்து நான் அதைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதைப் பிடியுங்கோ அன்ரி. பிந்திப்போச்சு எண்டு ஏசாதையுங்கோ."

அடுத்த வருடத்துக்கு வகுப்புக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் பட்டியல். மற்ற எல்லோரும் இரண்டு கிழமைக்கு முதலே தந்துவிட்டார்கள். கொப்பிகள், பசை, கோணமானிகள். எனக்கு எழுத்துகள் மறைந்தன.

"அப்ப காப்புறுதிக் கம்பனி?"

"இல்லை எண்டு சொல்லிப்போட்டன். ஒரு வருஷம் பாப்பம். செப்டெம்பரில திரும்பவும் போன் அடிக்கத் தொடங்கினால், நான் பிறகு சொல்லாமலே போயிடுவன்."

"அடிச்சால் என்ர கையை முறியுங்கோ."

அவர் சிரித்தார். பிறகு மேசையில் சாய்ந்து, தாளின் அடியில் தொட்டுக் காட்டினார். எல்லாவற்றையும் இரண்டு வகுப்புக்குக் கேட்டிருந்தார்.

"ஆறாம் வகுப்பு ரீச்சர் ஓய்வு பெறுறா எல்லோ? என்ர சிநேகிதி ஒருத்தி, என்னோட படிச்சவ. உங்கட பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் போடட்டோ எண்டு ரெண்டு வருஷமாக் கேக்கிறா. வேண்டாம், இஞ்ச வராதை எண்டு நான்தான் மறிச்சு வைச்சிருந்தனான்." மூச்சொன்று விட்டார். "இண்டைக்கு மத்தியானம் சொன்னனான், போடு எண்டு."

எத்தனை சுற்றறிக்கை அச்சடித்திருப்பேன். ஆட்களைத் தேடிச் சேர்ப்பது எப்படி என்று அதில் எத்தனை பக்கம். நாங்கள் தேடிய ஆளைத் தடுத்துக்கொண்டு இருந்தவர் மேல்மாடியிலேயே இருந்திருக்கிறார், தடுத்ததற்குக் காரணம் கீழே என் மேசையில் இருந்திருக்கிறது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து எனக்கு விக்கல் எடுத்தது. அவர் தண்ணீர் எடுத்துத் தந்தார். நான் குடித்துவிட்டு, பட்டியலில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். இன்னொரு விக்கல் வந்து பேனை எகிறியதில் அது என் கையெழுத்துப் போலவே இல்லை.