வேலை நாளில் போடாத மாத்திரை

என் சித்தி சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். வரிசையில் ஒருத்தி பை வைத்து, இன்னொருத்தி தோள் சேர்த்து அனுப்ப, சித்தியிடம் வரும்போது சட்டைக்குக் கழுத்து மட்டும் இருக்காது. அவள் எழுந்து போனால் மேசையில் சட்டைகள் குவியும். அடுத்த மெஷின்காரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மேற்பார்வையாளர் திட்டமாட்டார். குவியலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார், அவ்வளவுதான். அடிக்கடி எழுந்திருப்பவர்களை நூல் வெட்டும் மேசைக்கு மாற்றிவிடுவார்கள்.

"அங்க போனவ எவளும் திரும்ப மெஷினுக்கு வந்ததில்ல" என்பாள் சித்தி.

மாடிப்படியில் மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஸ்கேன் எடுத்தார்கள். அன்றைக்கே சித்தப்பா நானிருக்கும் வெளிநாட்டுக்கு போன் போட்டார்.

"பம்பிங் நார்மலாம்டா! உங்க சித்திக்குக் குதிரை இதயம். என்கூடக் குப்பை கொட்டணும்னா சும்மாவா?"

பின்னாலிருந்து சித்தியின் குரல் வந்தது: "அந்தக் குப்பையிலதான் மூச்சு வாங்குது."

ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பம்பிங்குக்குக் கீழே, இதயம் தளர்வதில் குறைபாடு என்று ஒரு வரி இருந்தது. அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். டாக்டர், சித்தப்பாவிடம் முஷ்டியை மூடிக் காட்டினாராம். "மூடுறது நல்லா மூடுது. விரியறதுதான் முழுசா விரியல. விரிஞ்சாதானே ரத்தம் உள்ள வரும்? வரமுடியாதது பின்னால தேங்கி, நுரையீரல்ல நீர் கோத்துக்கும்." பிரஷரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, நீர் பிரிய தினமும் காலையில் ஒரு மாத்திரையும் கொடுத்தார்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. தொல்லையே அதுதான். முதல் நாள் சித்தி கழிப்பறைக்கு எழுந்ததும் வந்து உட்கார்ந்ததுமாக இருந்தாள். மேற்பார்வையாளர் வந்து நின்றார்.

மறுநாளிலிருந்து, சித்தப்பா நீட்டிய மாத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "பஸ் ஏறினதும் போட்டுக்கறேன்" என்று கிளம்பிவிடுவாள். விடுமுறையில் மட்டும் விழுங்குவாள். கால் வீக்கம் வற்றாததைப் பார்த்து டாக்டர் அளவைக் கூட்டினார். போடவில்லை என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டு வந்தாள். கூட்டிய மாத்திரையும் பைக்குள்தான் போனது.

ஒரு மத்தியானம், காலரை ஊசிக்கடியில் வைத்தபடியே மூச்சுக்குத் தவித்தாள். ஆஸ்பத்திரியில் அடையாள அட்டை கேட்டார்கள். சித்தப்பா கைப்பையைக் கவிழ்த்தார்.

"தினமும் என் கையாலதானடா குடுத்தேன்" என்றார் என்னிடம்.

சித்தி பிழைத்து வந்தாள். ஆனால் நூல் மேசைக்குப் போகக்கூட உடம்பில் தெம்பில்லை. அதன்பின் ஒரு நாள் விடாமல் மாத்திரை போட்டாள். இருந்தும் வருஷா வருஷம் ஆஸ்பத்திரி. ஒவ்வொரு முறையும் எதையாவது விட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினாள். ஒரு முறை மாடிப்படி, அடுத்த முறை தெருமுனைக் கடை, அப்புறம் சமையலறை.

ஒருமுறை நான் போனில் இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டாள். "அப்பவே ஒழுங்கா போட்டிருந்தா மெஷின்ல இருந்திருப்பேனா சார்?"

"இதயம் எப்படியும் இறுகிக்கிட்டுதாம்மா போகும். இவ்வளவு சீக்கிரம் இறுகியிருக்காது..."

"மெஷின்ல இருந்திருப்பேனான்னு கேட்டேன்."

"கொஞ்ச வருஷம் இருந்திருக்கலாம்மா."



லீவு போட்டு வருகிறேன் என்றேன். "வாடா. நான் எழுந்து வந்து கதவைத் திறக்கறதுக்குள்ள உன் லீவு முடிஞ்சிடும்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே அவளுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. போனைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

நான் டிக்கெட் எடுத்திருந்த தேதிக்கு முந்தின வாரம் சித்தி போய்விட்டாள். உடனே கிளம்புகிறேன், டிக்கெட்டை மாற்றிக்கொள்கிறேன் என்று பதறினேன்.

"எடுத்த தேதிக்கே வாடா" என்றார் சித்தப்பா. "இனிமே என்ன அவசரம்?"