அத்தானின் ரிவோல்வர்

வேலை முடிந்து ஸ்டேசன் சுரங்கப்பாதையால் வரும்போது ஒருவன் என் பையைப் பறிக்கப் பார்த்தான். அதைக் கேட்டதும் அக்காவின் கணவர், தன்னிடம் இருப்பது போல ஒரு ரிவோல்வர் வாங்கச் சொன்னார். குண்டு பாயாது; சத்தமும் கண்ணெரிவும் மட்டும் தரும், கவ்போய் படத்தில் வருவது போன்ற துவக்கு. சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோக அனுமதியும் எடுத்திருந்தார். ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் முன் பெருவிரலால் துவக்கின் பின்புறச் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

"நீதான் கள்ளன். வா," என்று குளிர்ச்சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு வெடி போடாத துவக்கைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஹோலில் நின்றார்.

போய் முன்னால் நின்றேன். துவக்கை உருவப் பார்த்தார்; சுத்தியல் சட்டையின் உள்துணியில் கொழுவிக்கொண்டது. அத்தான் இழுத்தார், குனிந்தார், ஒரு காலைத் தூக்கியும் பார்த்தார். ஒருவழியாகத் துவக்கு வெளியே வந்தபோது, சுத்தியலை இழுக்க முடியாமல் கையுறை வழுக்கியது.

"கொஞ்சம் பொறடா!"

"ஓம் அத்தான், ஆறுதலாய் எடுங்கோ."

"கள்ளனுக்கு ஒரு தேத்தண்ணி போடட்டே?" என்றாள் அக்கா. "பாவம், நிண்டு கால் உளையப்போகுது."

நான் துவக்கு வாங்கவில்லை. தினமும் அதே பாதையால் போகும் ஒரு துருக்கிக்காரரிடம், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, சேர்ந்து போவோமா என்று கேட்டேன். இப்போது தினமும் வழி நெடுக அவர் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சத்தமாகப் பேசுகிறார். எந்தக் கள்ளனும் கிட்ட வருவதில்லை.